இடது கை மணிக்கூடு

எனக்கு வாயும் கோபமும் ஒரு நாளும் குறைந்ததில்லை. பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகும் அவை இரண்டும் அப்படியே இருந்தன. "எல்லாத்தையும் எடுத்த அல்லாஹ் இந்த வாய மட்டும் வெச்சிட்டான்" என்று என் மனைவி றபீக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே சொன்னாள். நான் சிரித்தேன். சிரிப்பும் வலது பக்கத்தால்தான் வந்தது.

என் பெயர் பளீல். கல்முனைக்குப் பக்கத்தில் சாய்ந்தமருது. சம்மாந்துறை ஆலைகளில் அரிசி ஏற்றிக்கொண்டு மகியங்கனை வளைவுகளில் ஏறிக் கண்டிக்குப் போய் இறக்குவதுதான் தொழில். லொறி சொந்த லொறி. நான் விழுந்த பிறகு வேறொரு சாரதி அதை ஓட்டுகிறான். வீதியில் அது போகும்போது கியர் மாறும் சத்தத்தை வைத்தே அவன் எங்கே பிழை விடுகிறான் என்று எனக்குத் தெரியும். கட்டிலில் இருந்தபடி பல்லைக் கடிப்பேன்.

கால் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. தடியை ஊன்றிக் குளியலறைக்குப் போகும் அளவுக்கு வந்துவிட்டது. கை வரவில்லை. நம்முடைய லொறியில் கியர் இடது கைக்கு. அந்தக் கை இல்லாதவனுக்கு லொறியும் இல்லை. எனக்கு வேறு தொழில் தெரியாது, பழகிக்கொள்ளும் எண்ணமும் இல்லை. கை வருமா, வராதா? காலையில் கண் விழித்தால் அந்தக் கேள்விதான் முதலில் விழிக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் மணிக்கூடு நின்றது.

அது எனக்குக் கலியாணத்தில் கிடைத்த மணிக்கூடு. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழப் போவான். காவின் எழுதி நிக்காஹ் முடிந்த கையோடு றபீக்காவின் நானா, அவளுடைய மூத்த அண்ணன், என் கையைப் பிடித்து அதைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குள் கூட்டிப்போனார். அவளுடைய வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்த சீக்கோ. அன்று முதல் அது என் இடது கையை விட்டு இறங்கியதில்லை. தொழுகைக்குக் கை கால் கழுவி வுளுச் செய்யவும் குளிக்கவும் கழற்றினால் உண்டு, தூங்கும்போதுகூடக் கட்டியிருப்பேன். மற்றச் சாரதிமார் அடிக்கடி பற்றறி மாற்றுவார்கள். நான் அவர்களை வைத்து விளையாடுவேன். "இது ஜப்பான் பற்றறிடா, நான் மௌத்தானாலும் ஓடும்" என்று சொல்லிச் சிரிப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவையும் பற்றறி மாற்றவில்லை என்பது எனக்குப் பெரிய பெருமை.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்ததை றபீக்கா கைப்பையிலேயே கொண்டு திரிந்து, வீட்டுக்கு வந்ததும் திரும்பக் கட்டிவிட்டாள். அடுத்த நாள் நின்றுவிட்டது. கல்முனைச் சந்தையில் மணிக்கூடும் தொலைபேசியும் திருத்தும் கலாராணியிடம் அனுப்பினோம். பாண்டிருப்புக்காரி, கை சுத்தம் என்று பெயர். ஓடிக்கொண்டே திரும்பி வந்தது. கட்டினேன், பிறகும் நின்றது. மறுபடி அனுப்பினோம். மறுபடி ஓடிக்கொண்டு வந்து என் கையில் ஏறியதும் நின்றது. மூன்றாவது தடவை தொலைபேசியை எடுத்து அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். சாமானை மாற்றிவிட்டாய் என்றும் சொல்லிவிட்டேன்.

அன்று பின்னேரமே ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே தொடங்கிவிட்டாள்.

"நானா, என்னக் கள்ளி எண்டு சொன்னா நான் பொறுக்க மாட்டன். எங்க அந்த மணிக்கூடு?"

"கையில இரிக்கி, பாரு. செத்துக் கிடக்கு."

கழற்றி எடுத்து இரண்டு தரம் ஆட்டினாள். செக்கன் முள் ஓடத் தொடங்கியது. நான் குனிந்து முள்ளைப் பார்த்தேன். அவளுக்கோ கோபம் ஏறியது.

"இதுக்கு என்ன பற்றறி போட்டிருக்கு எண்டு நினைச்சீங்க?"

"ஜப்பான் பற்றறி."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. மணிக்கூட்டைக் குப்புறத் திருப்பி என் மடியில் வைத்தாள். பின்பக்கம் கண்ணாடி. எப்போதும் என் தோலோடு ஒட்டிக் கிடந்த பக்கம் அது. கழற்றினாலும் முகத்தைத்தானே பார்ப்போம், முதுகை யார் பார்க்கிறது. தன் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடியை எடுத்து என்னிடம் தந்தாள்.

"பாருங்க. இந்த அரை வட்டத் தகடு இருக்கில்லா, இதுதான் றோட்டர். நீங்க கைய அசைக்கேக்குள்ள இது சுத்தும். இது சுத்தினா உள்ளுக்க இருக்கிற ஸ்பிரிங் முறுகும். அந்த முறுக்கு அவிழ அவிழத்தான் மணிக்கூடு ஓடுற. பற்றறி ஒண்டும் இல்ல. இந்த மொடலுக்குச் சாவியும் குடுக்கேலா. பக்கத்தில இருக்கிற குமிழ் நேரம் வெக்க மட்டும்தான்."

நான் பார்த்தேன். தலைமயிரை விட மெல்லிய ஒரு சுருள் சுருங்கி விரிந்துகொண்டிருந்தது. அதோடு ஒரு சின்னச் சக்கரம் இங்கும் அங்குமாகத் துடித்தது. பல்லுச் சக்கரங்கள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு நகர்ந்தன. கியர்ப் பெட்டி! வாழ்நாள் முழுக்க நான் திறந்து பூட்டிய கியர்ப் பெட்டியை யாரோ விரல் நகத்தின் அளவுக்குச் சுருக்கி உள்ளே வைத்திருக்கிறான்.

"கூட முறுகினா ஸ்பிரிங் அறாதா?" என்று கேட்டேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அறாது. நிறைஞ்சா அதுபாட்டுக்கு வழுக்கிக் குடுக்கும்."

"கிளச்!"

"ஓம், கிளச் மாதிரித்தான். கழட்டி வெச்சாலும் ஒரு நாளுக்கு மேல தாங்கும். மறுகா கட்டி நடந்தாச் சரி. கையில கிடக்கிற வரைக்கும் பிழைச்சுக் கிடக்கும்."

சுப்ஹானல்லாஹ் என்று வாய்விட்டுச் சொன்னேன். மகியங்கனை வளைவுகள் கண்ணுக்குள் வந்தன. ஒவ்வொரு வளைவிலும் இரண்டாம் கியருக்கு இழுத்தபோதெல்லாம், சோற்றைப் பிசைந்தபோது தட்டைப் பிடித்த கை அசைந்தபோதெல்லாம், மகளைத் தூக்கி வீசிப் பிடித்தபோதெல்லாம் இந்தத் தகடு சுற்றியிருக்கிறது. நான் நேரம் பார்க்கிறேன் என்று நினைத்திருந்தேன். அந்த நேரத்தை ஓட வைத்தது என் கைதான் என்று எனக்குத் தெரியாது. இருபது வருடத்துக்கு மேல் ஒரு அதிசயத்தைக் கட்டிக்கொண்டு ஜப்பான் பற்றறி என்று புளுகித் திரிந்திருக்கிறேன்.

பிறகுதான் அவள் சொன்னதன் மற்றப் பாதி எனக்குள் இறங்கியது. கை அசைந்தால் ஓடும். என் கையில் நின்றுவிட்டது.

கலாராணிக்கும் அது அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். குரல் இறங்கிவிட்டது. "வலது கையில கட்டுங்க நானா. நல்லா ஓடும்" என்றாள்.

"தேவல்ல. இதிலேயே கட்டு. இது ஓடுற நாளைக்குத்தான் என்ட கை வந்திட்டு எண்டு நான் நம்புவன்."

நான் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்தேன், வாய் வரவில்லை. தேத்தண்ணி குடிக்காமல் அவளை விடவில்லை, அவ்வளவுதான்.

அன்றைய நாள் என்னை என்னவோ செய்துவிட்டது. நோயைச் சாட்டி விட்டிருந்த தொழுகையைத் திரும்பத் தொடங்கினேன். ஒற்றைக் கையால் வுளுச் செய்ய முடியாது. றபீக்கா பிளாஸ்டிக் பேசினும் தண்ணீரும் கொண்டுவந்து கதிரைக்குப் பக்கத்தில் இருந்தாள். ஆனால் எங்களுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. கணவன் மனைவியின் தோலோடு தோல் பட்டால் வுளு முறிந்துவிடும். அவள் அதற்கும் வழி கண்டுபிடித்தாள். ஆஸ்பத்திரிக்காரர் போடுகிற றப்பர்க் கையுறையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். "டொக்டர் அம்மா வந்திட்டா" என்று நான் பகிடி பண்ணினேன்.

ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் மணிக்கூட்டைக் கழற்றுவாள். இடது கையை முழங்கை வரைக்கும் தூக்கிப் பிடித்து மூன்று தரம் கழுவுவாள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்குகளில் தண்ணீர் விட்டுக் கோதுவாள். முடிந்ததும் மணிக்கூட்டைத் திரும்பக் கட்டுவாள். நான் கதிரையில் இருந்தபடி தொழுவேன். அவள் பின்னால் நின்று என்னோடு தொழுவாள்.

மணிக்கூடு ஓடத் தொடங்கியது.

முதலில் நான் நம்பவில்லை. நிற்கும், நிற்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். இரவு இஷாத் தொழுகைக்கும் ஓடியது. விடிகாலை சுபஹுக்கும் ஓடியது. கிழமை கடந்தது, நிற்கவேயில்லை. கை எனக்குத் தெரியாமல் அசைகிறது! நான் தூங்கும்போது அசைகிறதோ, பராக்காக இருக்கும்போது அசைகிறதோ, எப்படியோ அசைகிறது. றபீக்கா அழுதாள். பக்கத்து வீட்டு சரீபா ராத்தா வந்து மணிக்கூட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பள்ளிக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் படலையில் நின்று விசாரித்தார்கள். புது மணிக்கூட்டைக் காட்டும் மாப்பிள்ளைபோல நான் வலது கையால் இடது கையைத் தூக்கிக் காட்டினேன். லொறிச் சாரதிக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டேன், சீக்கிரம் வேறு வேலை பார்த்துக்கொள் என்று.

கை எனக்குச் சொல்வழி கேட்கவில்லைதான். ஒரு விரலும் மடங்கவில்லை. அதனால் என்ன? மணிக்கூடு பொய் சொல்லுமா?

ஆஸ்பத்திரியில் எனக்குக் கைப்பயிற்சி தருகிற நுஸ்ஹா மிஸ்ஸிடம் அடுத்த முறை போனபோது கதிரையில் இருக்கும் முன்னமே கதையை அவிழ்த்துவிட்டேன். றோட்டர், ஸ்பிரிங், கிளச் எல்லாம் சொல்லி முடித்தேன். நுஸ்ஹா மிஸ் சின்ன வயதுதான், பொறுமைசாலி. கேட்டுக்கொண்டே கையைத் தட்டிப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், தூக்கச் சொன்னாள், பிடிக்கச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை.

"கை இன்னும் தானா அசையல்ல மாமா" என்றாள் மெதுவாக.

"அப்ப மணிக்கூடு?"

அவள் றபீக்காவைப் பார்த்தாள். "மாமி, இதக் கழட்டிக் கட்டுறது ஆரு?"

"நான்தான். வுளுவுக்கு ஒவ்வொரு வக்துக்கும் கழட்டுவன். கழுவி, ஒதறி, சீலையால தொடச்சி மறுகா கட்டுவன்."

சொல்லிக்கொண்டே போனவளின் குரல் பாதியில் நின்றது. அவளுக்கும் அப்போதுதான் விளங்கியது. ஐந்து வக்தும் அவள் கழற்றி, உதறி, துடைத்துக் கட்டிய ஆட்டத்தில்தான் மணிக்கூடு ஓடியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஊரையெல்லாம் கூட்டி வைத்து றபீக்காவின் வுளுத் தண்ணீரை அற்புதம் என்று கொண்டாடியிருக்கிறோம்.

நுஸ்ஹா மிஸ் அதற்குப் பிறகும் ஏதோ நிறையச் சொன்னாள். என் காதில் விழவில்லை. வெட்கம் காதை அடைத்துவிட்டது. முச்சக்கர வண்டியில் வீடு வரைக்கும் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் வந்ததும் வெடித்தேன்.

"கழட்டு அத! கழட்டி அலுமாரிக்குள்ள போட்டுப் பூட்டு! ஊருக்கெல்லாம் என்னப் பைத்தியக்காரனாக்கிட்டாய்!"

அவள் கழற்றினாள், பூட்டினாள். அடுத்த வக்துக்கும் கையுறையைப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பேசினோடு வந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கழுவினாள். இப்படியே நாட்கள் போயின. எனக்கு இனிக் கை வராது என்று தீர்மானித்துவிட்டேன். லொறியை விற்பதற்கு ஆள் பார்க்கச் சொல்லி வாயெடுத்தேன்.

அப்போதுதான் றபீக்கா ஏசினாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அப்படி ஏசி நான் கேட்டதில்லை.

"விப்பீங்க, விப்பீங்க! அண்டைக்கு அந்த நுஸ்ஹா புள்ள என்ன செல்லிச்சு எண்டு கேட்டீங்களா? மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தீங்க. மத்த ஆக்கள்ட கை இந்நேரம் வளைஞ்சி விறைச்சிப் போயிரிக்குமாம். வலிய இழுத்தாலும் விரியாதாம். ஒங்கட கை பச்சப் புள்ளட கை மாதிரி மெதுவா இரிக்கி எண்டு செல்லிச்சு. இந்தக் கைக்கு ஆரு இவ்வளவு பயிற்சி குடுத்த எண்டு கேட்டிச்சு. தூக்கி, மடக்கி, விரல் விரலாக் கோதி... தான் படிச்சுக் குடுக்கிறதும் இதுதான் எண்டு செல்லிச்சு. உசிர் வந்தா அசையிறதுக்குக் கை ஆயத்தமா இரிக்கி எண்டு செல்லிச்சு. நீங்க என்னடா எண்டா லொறிய விக்கப் போறீங்க!"

மடியில் கிடந்த கையைப் பார்த்தேன். வலது கையால் அதன் விரல்களை விரித்தேன். விரிந்தன. மடக்கினேன். மடங்கின. ஆஸ்பத்திரியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரரின் கை நினைவுக்கு வந்தது. கோழிக் கால்போலச் சுருண்டு கிடந்த கை.

மணிக்கூடு பொய் சொல்லவில்லை. யாரோ ஒருவர் இந்தக் கையை இரவும் பகலும் உயிரோடு வைத்திருக்கிறார் என்றுதான் அது ஓடி ஓடிச் சொல்லியிருக்கிறது. அந்த ஆள் நான் என்று நினைத்தது என் பிழை. கலாராணி காட்டிய கண்ணாடிக்குள் பார்த்தபோது வந்த அதே மலைப்பு எனக்கு மறுபடி வந்தது. இந்த முறை நான் பார்த்துக்கொண்டிருந்தது றபீக்காவை. கையுறை போட்ட அந்தக் கைகளும் எப்போதும் என் தோலோடு ஒட்டித்தான் இருந்தன, நான்தான் பார்க்கவில்லை.

"மணிக்கூட்ட எடுத்துக்கிட்டு வா" என்றேன்.

"என்னத்துக்கு?"

"நீ கழுவு. நீயே கட்டு. ஓடினா ஓடட்டும். அது ஒன்ட கணக்கு."

அது பின்னேர அஸர் தொழுகை நேரம். பள்ளியில் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. அவள் கழுவி முடித்துவிட்டு அலுமாரியைத் திறந்தாள். மணிக்கூடு செத்துக் கிடந்தது. என்ன நினைத்தாளோ தெரியவில்லை, இந்த முறை உதறவில்லை, துடைக்கவில்லை. முட்டையை எடுத்து வருவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி வந்து மூச்சை அடக்கிக்கொண்டு கட்டினாள். அப்படியும் செக்கன் முள் கொஞ்சம் ஓடியது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். களைத்து நின்றது.

"இப்ப ஒங்கட கணக்கு" என்றாள்.

இடது கையைத் தலையணை வைத்த கதிரைக் கைப்பிடியில் தூக்கி வைத்துவிட்டு, கையுறையைக் கழற்றிப் போட்டுப் பின்னால் போய்த் தொழுகைக்கு விரித்த முஸல்லாவில் நின்றாள். முள் நிற்பதை நான் இன்னொரு தரம் பார்த்தேன். பிறகுதான் தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன்.

நான் தொழுவது தலையை அசைத்துத்தான். ருகூஉக்குக் கொஞ்சம் குனிவேன், மற்றவர்கள் நிலத்தில் நெற்றி வைக்கும் ஸுஜூதுக்கு இன்னும் கொஞ்சம். உடம்பு ஆடாது. கடைசி இருப்பில் அத்தஹிய்யாத்து ஓதினேன். "இல்லல்லாஹ்" என்ற இடத்தில் வலது கையின் சுட்டுவிரலை நீட்டினேன். கண் அந்த விரலில் இருக்க வேண்டும். என் கண்ணும் அதில்தான் இருந்தது. ஓதி முடித்தேன். வலது பக்கம் திரும்பி ஸலாம் கொடுத்தேன். இடது பக்கம் திரும்பினேன்.

நோய் வந்த நாளிலிருந்து அந்தப் பக்கம் திரும்புவது எனக்கு வெறுப்பு. செத்த கையைப் பார்க்க வேண்டிவருமே என்று கண்ணை மூடிக்கொண்டு ஸலாம் கொடுப்பேன். அன்று மூடவில்லை. அஸ்ஸலாமு அலைக்கும் என்று சொல்லிக்கொண்டே மணிக்கூட்டைப் பார்த்தேன்.

செக்கன் முள் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ தொட்டயா?" என்று கத்தினேன்.

"தொழுகைக்குள்ள எப்படித் தொடுற?" அவள் முஸல்லாவிலிருந்து எழுந்தாள். "நான் கண்டன். அல்லாஹ் மன்னிக்கட்டும், ஸுஜூதுட இடத்தப் பாக்காம ஒங்கட கையத்தான் பாத்துக்கிட்டு இருந்தன். நீங்க அந்த விரல நீட்டக்குள்ள இந்தக் கையும் கிறுகிச்சு. மணிக்கட்டோட கிறுகிச்சு."

"பொய்."

"இன்னொருக்க நீட்டுங்க."

நீட்டினேன். வலது சுட்டுவிரல் எழுந்தது. தலையணையில் கிடந்த இடது கை, தூக்கத்தில் புரளும் பிள்ளையைப்போல, மணிக்கட்டில் மெல்லத் திரும்பி அடங்கியது. நான் பார்த்தேன். என் கண்ணால் பார்த்தேன். உள்ளே அந்த அரை வட்டத் தகடு சுற்றும் சத்தம் எனக்குக் கேட்டது.

றபீக்கா முஸல்லாவை மிதித்துக்கொண்டு ஓடி வந்து அந்தக் கையைப் பிடித்தாள். கையுறை இல்லை. எத்தனை காலத்துக்குப் பிறகு அந்தக் கையில் அவள் தோல் பட்டதோ, அந்தச் சூட்டைக் கொஞ்சமாக நான் உணர்ந்தேன்.

"வுளு முறிஞ்சிட்டு" என்றேன்.

"முறியட்டும். மஃரிபுக்கு மறுகா கழுவுவன்."

இருவரும் மணிக்கூட்டைக் குனிந்து பார்த்தோம். அலுமாரிக்குள் எப்போது நின்றதோ அந்த நேரத்திலிருந்து அது ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வெயில் சாய்ந்துகொண்டிருக்க, அது மதியம் தாண்டியதாகச் சொன்னது.

"நேரம் பிழையா இரிக்கி. திருத்தி வெக்கட்டா?" என்று கேட்டாள்.

"தொடாத" என்றேன். "அதுபாட்டுக்கு ஓடட்டும்."